சரக்குக்கு முன்னே செல்லும் பட்டியல்

   

பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ஸ்டோரில் பால் நிறுக்கும் காட்சி புதிதன்று. வாளி தராசில் ஏறும். கிராணியார் எடையைப் படிப்பார். பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு தேறும் என்று பார்ப்பார். அதைப் பெயருக்கு நேரே புத்தகத்தில் எழுதுவார். அந்தப் பால் பிறகு ஷீட்டாகவோ கட்டியாகவோ மாறி, லாரியிலும் கப்பலிலும் ஏறி, எங்கோ ஒரு நாட்டில் டயராகிவிடும். அதனோடு ஒரு பட்டியலும் போகும்.

அந்தப் பட்டியல் பழைய காலத்தில் சரக்கோடு சேர்ந்தே போயிற்று. இக்காலத்தில் அது சரக்குக்கு முன்னாலேயே, கணினி வழியாக, வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை மின்னணுச் சரக்கு முன்னறிவிப்பு என்று சொல்லலாம். இந்த முன்னறிவிப்பு எவ்வாறு பிறந்தது, அதற்குள் செய்திகள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன, ஒவ்வொரு தொழிலும் ஏன் வெவ்வேறு விதமாக அடுக்குகிறது என்பவற்றை இன்று காண்போம். இது நம் மலாக்காவோடு நெருங்கிய தொடர்புடைய வரலாறு.

முன்னறிவிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உறவினர் பத்துப் பேர் நாளை வருகிறார்கள் என்று முன்கூட்டியே கடிதம் வந்தால், உலையில் அரிசியைக் கூட்டிப் போடுகிறோம். பாய் தலையணை எடுத்து வைக்கிறோம். கடிதம் வராமல் ஆட்கள் மட்டும் வாசலில் வந்து நின்றால் வீடே தடுமாறிப் போகும். கிடங்குக்கும் இதே நிலைதான். என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்தப் பெட்டியில் வருகிறது என்று முன்பே தெரிந்தால் இடம் ஒதுக்கலாம், ஆட்களை அமர்த்தலாம், பணத்தைத் தயார் செய்யலாம்.

சரக்கை எண்ணி எழுதும் பழக்கம் நமக்கு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கு மூட்டைகளை அளந்து, அவற்றின்மேல் சோழர் புலி முத்திரையைப் பொறித்த சுங்க அதிகாரிகளைப் பற்றிப் பட்டினப்பாலை கூறுகிறது. சேர நாட்டு முசிறியிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு, பாபிரஸ் தாளில் எழுதப்பட்டது, இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். கங்கைக் கரையிலிருந்து வந்த நறுமணப் பொருளை அந்தக் கணக்கு 60 பெட்டிகள் என்று எண்ணுகிறது. யானைத் தந்தத்தையோ எடை போட்டுச் சொல்கிறது. ஒரே கப்பலில் போன இரண்டு சரக்குக்கு இரண்டு விதமான கணக்கு இருந்ததைக் கவனியுங்கள். இன்றைய கணினிப் பட்டியலின் சிக்கலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி மலாக்காவுக்கு வருவோம். பரமேஸ்வரா ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் நிறுவிய இந்தத் துறைமுகம் நூறாண்டுக்குள் கீழ்த்திசையின் பெரிய சந்தையாக வளர்ந்தது. 1511-இல் போர்த்துகீசியர் இதைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு இங்கு வந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசிய மருந்தாளர் தாம் கண்டதையும் கேட்டதையும் விரிவாக எழுதி வைத்தார். மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று அவர் குறிப்பிடுகிறார்.

இத்தனை மொழிகளும் இத்தனை சரக்குகளும் கூடிய இடத்தில் கணக்கை எப்படி வைத்துக்கொண்டார்கள்? நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். ஷாபந்தர் என்றால் துறைமுகத் தலைவர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரைத் தமிழர், வங்காளிகள், பெகு நாட்டார், பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர், சீனருக்கும் அவர்தம் அண்டை நாட்டாருக்கும் ஒருவர். ஷாபந்தர் தம் பகுதியைச் சேர்ந்த கப்பல் தலைவனை வரவேற்பார். பெண்டகாராவிடம் அழைத்துச் செல்வார். சரக்குக்குக் கிடங்கு ஒதுக்குவார். துணி கொண்டு வருபவரின் வழக்கம் துணிக்காரரை மேற்பார்க்கும் ஷாபந்தருக்குத் தெரியும். கிராம்பு கொண்டு வருபவரின் வழக்கம் அவருக்குரிய ஷாபந்தருக்குத் தெரியும். ஆனால் நால்வருக்கும் மேலே துறைமுகச் சட்டம் ஒன்றே. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு உதவும்.

மேற்கேயிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. வரி போட வேண்டுமானால் சரக்கை மதிப்பிட வேண்டும். மதிப்பிடுபவர் ஒருவராக இருந்தால் அநீதி நேரலாம். ஆகவே பத்து வணிகர்கள் கூடி மதிப்பிடும் வழக்கம் இருந்தது என்று பிரேஸ் எழுதுகிறார். அவர்களில் ஐவர் அக்காலத்து ஏடுகள் கிளிங் என்று குறிக்கும் சோழமண்டலக் கரை வணிகர். மற்ற ஐவர் பிற இனத்தார். சரக்கின் கணக்கைப் பலர் கண்முன் சரிபார்க்க வேண்டும் என்ற நீதி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மலாக்காவில் வேரூன்றி இருந்தது.

மலாக்காவின் கடற்சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுல்தான் மகமூத் ஷா காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கூறப்படும் அச்சட்டம், கப்பலின் உட்பகுதியைப் பெத்தாக் என்னும் அறைகளாகப் பிரிக்கிறது. கப்பல் தலைவனாகிய நகோடாவுக்கு அறை உண்டு. கிவி எனப்படும் பயண வணிகர்களுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. துறைமுகம் சேர்ந்ததும் முதல் நான்கு நாள் நகோடா விற்கலாம். அடுத்த இரண்டு நாள் கிவிகள் விற்கலாம். அதற்குப் பிறகே மாலுமிகள் விற்கலாம். நடுக்கடலில் புயல் வந்து சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், சரக்கு உடையவர்கள் எல்லாரையும் கூட்டிப் பேசி, நட்டத்தை அவரவர் பங்குக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கப்பலில் எத்தனை அறை, எந்த அறை யாருடையது, எந்த அறைக்குள் எத்தனை மூட்டை, எந்த மூட்டைக்குள் என்ன பொருள் என்று படிப்படியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஏழை வணிகனின் மூட்டைதான் முதலில் கடலுக்குப் போகும். சரக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வரிசைப்படுத்திச் சொல்வதுதான் பட்டியலின் உயிர். இனி நாம் பார்க்கப்போகும் கணினி முறையும் இந்த ஒன்றுக்குள் ஒன்று என்ற அடுக்கின்மேல்தான் நிற்கிறது.

போர்த்துகீசியருக்குப் பின் 1641-இல் டச்சுக்காரரும், 1824 உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயரும் மலாக்காவை ஆண்டனர். துறைமுகத்தில் மண் தூர்ந்தது. வணிகம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. பிறகு மலாக்காவுக்கு வேறு ஒரு வாழ்வு வந்தது. 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அதையடுத்துப் புக்கிட் அசகானில் பெரிய தோட்டத்தைத் திறந்தார். மலாயாவில் வணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டங்கள் இவை. அந்த மரங்களை நம்பி எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கடல் கடந்து வந்தன என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கத்தில் புகைக்கொட்டகையில் உலர்த்திய ஷீட்டுகளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழி உண்டா, அழுக்கு உண்டா, பூஞ்சை உண்டா என்று பார்ப்பார்கள். ஒருவர் முதல் தரம் என்பதை மற்றொருவர் இரண்டாம் தரம் என்பார். 1965-இல் மலேசியா ஒரு புதிய முறையைக் கொண்டு வந்தது. ரப்பரைச் சிறு துகள்களாக்கி, உலர்த்தி, 33⅓ கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் சொல்லும் முறை அது. எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்று கேட்டிருப்பீர்கள். 5 என்றால் அழுக்கு நூற்றுக்கு 0.05-க்கு மேல் இராது. 20 என்றால் அன்று 0.20-க்கு மேல் இராது. சரக்கின் குணத்தை எண்ணால் சொல்ல முடிந்தது. எண்ணால் சொல்ல முடிந்த ஒன்றைக் கம்பி வழியாகவும் அனுப்பலாம்.

கம்பி வழியாகப் பட்டியல் அனுப்பும் முயற்சி அதற்குச் சற்று முன்பே பிற நாடுகளில் தொடங்கியிருந்தது. 1948-இல் சோவியத் ஒன்றியம் பெர்லின் நகருக்குச் செல்லும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் விமானங்களில் மாவும் நிலக்கரியும் மருந்தும் கொண்டு போய் இறக்கின. இருபது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பொருள் இவ்வாறு வானவழியே சென்றது. பல நாட்டார், பல மொழி, பல விதமான பாரங்கள், பட்டியல்கள் குழம்பின. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கப் படைவீரர், எல்லாருக்கும் பொதுவான ஒரே வடிவில் சரக்குப் பட்டியலை அமைத்தார். அதைத் தொலையச்சிலும் அனுப்பலாம், தொலைபேசியிலும் படிக்கலாம்.

1965-இல், நம் நாட்டில் புதிய ரப்பர்த் தரம் வந்த அதே ஆண்டில், ஹாலந்து-அமெரிக்கா கப்பல் நிறுவனம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் டெலக்ஸ் வழியாகக் கப்பல் பட்டியலை அனுப்பி, அதைக் கணினி நாடாவில் ஏற்றியது. 1968-இல் அமெரிக்காவில் கப்பல், விமானம், ரயில், லாரி ஆகிய நான்கு துறையினரும் கூடி ஒரு குழு அமைத்தனர். கில்பர்ட் அதற்குத் தலைமை ஏற்றார். 1979-இல் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தரத்தை வகுக்க எக்ஸ்-12 என்ற குழு தோன்றியது. அதில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. சரக்கு முன்னறிவிப்பின் எண் 856. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1980-களில் எடிஃபாக்ட் என்ற உலகப் பொதுமுறையும் வந்தது. அதில் இதே ஆவணத்துக்கு டெஸட்வ் என்று பெயர்.

இதற்கிடையில் கொள்கலன் என்னும் பெரிய இரும்புப் பெட்டி வந்துவிட்டது. 1972-இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலும், அடுத்த ஆண்டு கிள்ளான் துறைமுகத்திலும் கொள்கலன் கப்பல்கள் வரத் தொடங்கின. முன்பெல்லாம் மூட்டை தூக்குபவரின் கண்ணுக்குச் சரக்கு தெரியும். பூட்டி முத்திரையிட்ட கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே பட்டியலே சரக்கின் கண்ணாயிற்று.

இப்போது அந்தப் பட்டியலின் உள்ளமைப்பைப் பார்ப்போம். நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் லயம், லயத்துக்குள் வீடு, வீட்டுக்குள் ஆட்கள். ஒருவரின் இருப்பிடத்தைச் சொல்ல, அவர் எந்த வீடு, அந்த வீடு எந்த லயம், அந்த லயம் எந்த டிவிசன் என்று சொன்னால் போதும். 856-ஆம் எண் ஆவணமும் இப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் உண்டு. தான் எந்தப் படிக்குள் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் தாய்ப்படியின் எண்ணும் கூடவே இருக்கும்.

ரப்பர்க் கட்டிகளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதற்படியில் கப்பல் பெயர், கொள்கலன் எண், முத்திரை எண், புறப்படும் நாள். இரண்டாம் படியில் வாங்குபவரின் கொள்முதல் எண். மூன்றாம் படியில் பேலட் எனும் பலகை மேடைகள். நான்காம் படியில் கட்டிகளின் தரம், தொகுதி எண், எடை. 20 அடிக் கொள்கலனில் 16 பேலட்டுகள், ஒவ்வொன்றிலும் 36 கட்டிகள் என்றால் மொத்தம் 576 கட்டிகள். கட்டிக்கு 33⅓ கிலோ. ஆகவே 19,200 கிலோ. பிள்ளைகளே, இதை நீங்களும் பெருக்கிப் பாருங்கள். கீழ்ப்படிகளின் கூட்டுத்தொகை மேற்படியின் தொகைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

இந்த அடுக்கு எல்லாத் தொழிலுக்கும் ஒன்றாக இருக்க முடியுமா? முடியாது. மலாக்காவைச் சுற்றியே உதாரணம் காணலாம். ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன. செம்பனை எண்ணெய் தொட்டியில் போகிறது. அதில் பேலட்டும் இல்லை, கட்டியும் இல்லை. தொட்டி எண், எடை, ஈரம், கட்டற்ற கொழுப்பு அமிலத்தின் விழுக்காடு ஆகியவைதாம் செய்தி. இரண்டு படிகளே போதும்.

துணிக்கடைக்குச் செல்லும் சரக்கு வேறு. ஒரே அளவு, ஒரே நிறச் சட்டைகள் பெட்டி பெட்டியாகப் போனால், முதலில் பொருளைச் சொல்லி, அது எத்தனை பெட்டி என்று கீழே எழுதுவது எளிது. தீபாவளிக்காகப் பல அளவும் பல நிறமும் கலந்து ஒரே பெட்டியில் போட்டு அனுப்பினால், முதலில் பெட்டியைச் சொல்லி, அதற்குள் என்னென்ன பொருள் என்று கீழே எழுத வேண்டும். பொருளுக்குள் பெட்டியா, பெட்டிக்குள் பொருளா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். தவறாக அடுக்கினால் கிடங்கிலுள்ளவர் பெட்டியை உடைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டி வரும். இதற்காகவே பெட்டியின்மேல் 18 இலக்கங்கள் கொண்ட கோட்டுக்குறி ஒன்றை ஒட்டுகிறார்கள். கருவி அதைப் படித்ததும் பட்டியலில் அந்தப் பெட்டி எது, உள்ளே என்ன என்பது தெரிந்துவிடும்.

அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் 2003-இலிருந்து கார் தொழிற்சாலை இயங்குகிறது. கார்த் தொழிலில் நேரமே உயிர். எந்த உதிரிப் பாகம், எத்தனை, எந்த வாயிலுக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்பவை முதன்மைச் செய்திகள். பத்து பெரெண்டாமில் 1970-களில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். அவர்கள் கையாண்ட சில்லுகளுக்குத் தொகுதி எண்ணும் செய்த காலமும் மிக முக்கியம். ஒரு தொகுதி பழுதானால் அதை மட்டும் திரும்பப் பெற வேண்டும் அல்லவா? மருந்துக்கும் உணவுக்கும் தொகுதி எண்ணோடு காலாவதி நாளும் வேண்டும்.

இங்கேதான் நான்கு ஷாபந்தர்கள் நமக்கு நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்கக் கார்த் தொழிலார் 1982-இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். சில்லறை வணிகத்தாரும் 1986-இல் தமக்கென ஒரு குழு அமைத்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தொழிலுக்கு எந்தப் படி வேண்டும், எந்தச் செய்தி கட்டாயம் என்று வழிகாட்டி எழுதிற்று. ஆனால் எழுத்தும் இலக்கணமும் பொதுவானவை. தொழிலுக்கு ஒரு ஷாபந்தர், துறைமுகத்துக்கு ஒரே சட்டம் என்ற மலாக்கா ஏற்பாட்டின் பொருத்தம் இதில் தெரிகிறது. பொதுமுறை மட்டும் இருந்து தொழில்முறை இல்லாவிட்டால் எண்ணெய்க்கும் சட்டைக்கும் ஒரே கட்டம் போட்டுக் குழப்பம் வரும். தொழில்முறை மட்டும் இருந்து பொதுமுறை இல்லாவிட்டால் 84 மொழியும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசியது போலாகும்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 1989-இல் சிங்கப்பூர் டிரேட்நெட் என்ற மின்னணு வணிக முறையைத் தொடங்கிற்று. 1990-களில் கிள்ளான் துறைமுகத்திலும் சுங்கத் தாள்கள் கணினிக்கு மாறத் தொடங்கின. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா ஒரு விதியைக் கொண்டு வந்தது. தன் நாட்டுக்கு வரும் கொள்கலனின் பட்டியல், அது வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே தனக்குக் கிடைக்க வேண்டும் என்றது. 2003-இலிருந்து அதை மீறிய சரக்குகள் கரையிலேயே நிறுத்தப்பட்டன.

நேயர்களே! இதனால் நம் குடும்பங்களுக்கு என்ன என்ற கேள்வி நியாயமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல குடும்பங்கள் நகருக்குப் போய்விட்டன. நம் பிள்ளைகள் பலர் கிடங்கிலும் லாரியிலும் தொழிற்சாலை வாயிலிலும் வேலை செய்கிறார்கள். கையில் கருவியை வைத்துக் கோட்டுக்குறியைப் படிப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பட்டியலுக்கும் சரக்குக்கும் வேறுபாடு வந்தால் பெரிய கடைகள் அனுப்பியவரின் பணத்தில் பிடித்தம் செய்கின்றன. அந்தப் பிழைக்கு யார் பொறுப்பு என்ற விசாரணை கடைசியில் பெட்டியை அடுக்கியவரிடம் வந்து நிற்கும். அடுக்கின் முறை தெரிந்த பிள்ளை, பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று சுட்டிக் காட்டுவான். தெரியாத பிள்ளை தலைகுனிந்து நிற்பான். ஆகவே பெட்டி தூக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் பட்டியல் படிக்கும் கல்வி தேவை என்று ஆசிரியர்களாகிய நாங்கள் கருதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. பட்டியல் இப்போது மேலும் கீழே இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரும் செம்பனை எண்ணெயும் தன் சந்தைக்குள் வரக் கூடாது; எந்த நிலத்தில் விளைந்தது என்பதை இட அளவுகளோடு காட்ட வேண்டும் என்கிறது அச்சட்டம். நடைமுறைக்கு வரும் நாள் ஒத்திவைக்கப்பட்ட போதிலும் அதற்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. கப்பல், கொள்கலன், பேலட், கட்டி என்று இறங்கிய அடுக்கு, மரம் நிற்கும் மண் வரை வந்துவிட்டது.

அந்த மண்ணில் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, மங்கைத் துடைத்துப் பால் எடுத்தவரின் பெயர் கப்பல் பட்டியலில் இதுவரை இருந்ததில்லை. அது கிராணியாரின் புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஆனால் கொள்கலனின் 19,200 கிலோவும் அந்தப் புத்தகத்தின் சிறு எண்களிலிருந்தே தொடங்குகிறது. அடியிலுள்ள எண் தவறினால் மேலே உள்ள எதுவும் சரியாக இராது. ஐவர் இந்தப் பக்கம், ஐவர் அந்தப் பக்கம் என்று பத்து வணிகர் கூடி மதிப்பிட்ட ஊர் நம் ஊர். ஆகவே எடை போடும் இடத்தில், அது பாலானாலும் செம்பனைக் குலையானாலும், எண்ணைப் படித்துப் பாருங்கள். துண்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அந்தக் கூட்டலை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள்.